காரணம் தெரிவிக்கவும்

"மடல்ல போட்டிருக்கே!" என்று சொல்லிக்கொண்டே அலுவலகக் கவுண்டரின் ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டுகிறார் அந்தப் பெண் எழுத்தர். எதிரே நிற்கும் தகப்பனார் கேட்டது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது எந்தக் கிழமை என்று. அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி கேட்கப்போவது, பேன் மருந்து போட்ட பிள்ளையை மறுநாளே அனுப்பலாமா என்று. அதுவும் மடலில் இருக்கிறது. இரண்டாம் பக்கம், கீழ்ப் பாதி. கேள்வி வாயிலிருந்து விழுவதற்கு முன்பே அவர் விரல் அந்த இடத்தில் போய் நிற்கும்.

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக இதே நாற்காலியில் இருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒன்பது பத்து'. வகுப்புகளிலிருந்து வருகைப் பதிவு ஒன்பது மணிக்கு அவர் கணினிக்கு வந்துசேரும். பத்து நிமிடத்தில் அதைச் சரிபார்த்துப் பொத்தானை அழுத்துவார். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் கைபேசிச் செய்தி பறக்கும். "ஒன்பது பத்துக்கிட்ட மாட்டினா ஃபாதர் வந்தாலும் காப்பாத்த முடியாது" என்பது எட்டாம் வகுப்பாரின் வேதவாக்கு. பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "பஸ் நம்பர் மாதிரி இருக்குல்ல சார்? ஆனா நான்தான் எங்கயும் போறதில்லையே" என்றார் ஒருமுறை என்னிடம்.

கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் யாராவது வந்துவிடுவார்களாம், நின்றால் வர மாட்டார்களாம். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று நானும் பல வியாழக்கிழமைகளாக யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

வியாழக்கிழமைதான் எனக்கும் அவருக்கும் வேலை. அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். என் மகள் அங்கே படிக்கிறாள் என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளுக்குப் போகும் குடும்ப மடலை ஒரு பார்வை பார்த்துக் கொடுக்கும்படி தலைமைச் சிஸ்டர் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். நான்கு பக்கம். திருப்பலி நேரம், தேர்வு அட்டவணை, தொலைந்துபோய் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்த ஒற்றைச் செருப்பு, பாவாடை முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும் என்ற அளவு, பிள்ளைகளின் கைபேசியை எத்தனை மணிக்கு வாங்கி வைக்க வேண்டும் என்ற புத்திமதி. எல்லாம் அவர் எழுதுவது. பெற்றோருக்கு என்று எழுத மாட்டார். 'வீட்டாருக்கு' என்றுதான் தொடங்குவார். "அத்தை வளர்க்கிற பிள்ளை இருக்கு, அண்ணன் வளர்க்கிற பிள்ளை இருக்கு. அதெல்லாம் கடிதாசியப் பிரிச்சதும் முதல் வார்த்தையிலயே முகம் சுருங்கணுமா?" என்பார். சிஸ்டர் இரண்டு தடவை பெற்றோர் என்று மாற்றிப் பார்த்தார். இரண்டு தடவையும் அச்சாகி வந்தபோது வீட்டாராகவே இருந்தது.

நான் ஏதாவது வாக்கியத்தை நீளம் என்று சொன்னால் கோபம் வராது, சந்தோஷம் வரும். "மூணு வரியில சொல்ல முடியாத கஷ்டம்னு ஒண்ணு கிடையாது சார்" என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றுப் போயிருக்கலாம். போன பருவம் விடவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா துணிக்கடையில் வேலை. திங்கட்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து அப்பா கவுண்டருக்குத் தொலைபேசியில் பேசினார். மூளைக்காய்ச்சல் என்கிறார்கள், பத்து நாளாவது ஆகும் என்று டாக்டர் சொல்கிறார் என்றார். இவர் பத்து நாள் விடுப்பைக் கணினியில் ஏற்றிவிட்டார். விடுப்பு ஏற்றிய பிள்ளையின் வீட்டுக்கு ஒன்பது பத்துச் செய்தி போகாது.

நான்காம் நாள் பையன் இறந்துபோனான்.

பள்ளியே அடக்கத்துக்குப் போயிற்று. அந்த வார மடலில் 'செபத்தில் நினைவுகூர்வோம்' என்ற பெட்டிக்குள் அவன் பெயரையும் வகுப்பையும் போட்டார். அதில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியவன் நான். இரண்டு பேருமே அந்தப் பெட்டியைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் காலை ஒன்பது பத்துக்கு, அந்த வீட்டுக்குச் செய்தி போயிற்று. "உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்."

"செபப் பெட்டியில போட்டேன் சார். பட்டியல்ல இருந்து எடுக்கல" என்றார் அந்த வியாழக்கிழமை என்னிடம். முகம் பேயறைந்தது போலிருந்தது. பிறகு அலுவலகக் கைபேசியின் திரையை என் பக்கம் திருப்பினார். பையனின் அம்மா பதில் அனுப்பியிருந்தாள். "இன்னும் காய்ச்சல் விடல."

அன்று மாலையே அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று வரி எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, அதையும் கிழித்தார். மறுநாள் ஒன்பதே கால் ஆகியிருக்காது, தொலைபேசி வந்தது.

"அக்கா, இன்னிக்கு மெசேஜ் வரலியே? என் பையன் பேரை எடுத்துட்டீங்களா?"

ஒப்பாரியாக இருந்தால் தாங்கியிருக்கலாமாம். சம்பளம் வரவில்லையே என்று கேட்கிற குரலில் கேட்டாளாம். "இல்லம்மா, மெஷின் லேட்டு" என்று இவர் வாயில் வந்துவிட்டது. பொய் சொன்ன கையோடு பெயரை மறுபடி ஏற்றினார். செய்தி போயிற்று. பதிலும் வந்தது. "சட்டை காயல அக்கா."

அதிலிருந்து தினமும். மழை. மாமா வந்திருக்கார். வயித்து வலி. சைக்கிள் பஞ்சர். ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு காரணக் கட்டம் நிரப்ப வேண்டும். மாமாவுக்கும் மழைக்கும் கட்டம் இல்லாததால் எல்லாவற்றையும் 'உடல்நலக் குறைவு' என்றே ஏற்றினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு அரை நாள் சலுகை கொடுத்தறியாத மனுஷி!

நான் தப்பு என்று சொன்னேன். நேராகத்தான் சொன்னேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக. மண்ணுக்குள் போன பிள்ளையை நீங்கள் தினம் காலையில் எழுப்பி உட்கார வைக்கிறீர்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தப்புதான் சார். எது சரின்னு நீங்க சொல்லுங்க. அப்படியே மடல்ல போட்டுடறேன்."

சும்மா இருந்துவிடவும் இல்லை அவர். துக்கத்தில் இருப்பவரிடம் பேச ஐந்து வழிகள் என்று முன்பொரு மடலில் அவரே எழுதியிருந்தார். அந்தப் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனார். முதல் வழி, பெயரைச் சொல்லிப் பேசுவது. பேசினார். இரண்டாவது, அவர்களைப் பேசவிட்டுக் கேட்பது. கேட்டார். மூன்றாவது, கையைப் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல் வரை கூடவே வந்து, "நாளைக்கு மெசேஜ் வரும்ல அக்கா?" என்றாளாம். நாலும் அஞ்சும் பைக்குள்ளேயே இருந்தன.

அதன் பிறகு மடலில் எந்தக் குடும்பத்துக்கும் புத்திமதி எழுதுவதை நிறுத்திவிட்டார். தேர்வு அட்டவணையும் திருப்பலி நேரமும் மட்டும் வந்தன. மீதி இடத்துக்கு ஓரத்தில் பூ வரைந்த கட்டங்களைப் போட்டு நிரப்பினார். சிஸ்டர்கூட அதைக் கவனிக்கவில்லை. வீட்டாரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. யாருமே படிக்கிறதில்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

விஷயம் வெளியே வந்தது கணினியால்தான். தொடர்ந்து முப்பது நாள் உடல்நலக் குறைவு என்றால் அது தானாகவே ஒரு தாளை அச்சடித்துத் தலைமைச் சிஸ்டரின் மேசைக்கு அனுப்பும். 'மேற்கண்ட மாணவரிடமிருந்து மருத்துவச் சான்றிதழ் பெறப்படவில்லை.' சிஸ்டர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றாராம்.

அதே வாரம் அந்த மெக்கானிக்கும் வந்தார். அன்று நானும் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"நிறுத்திடுங்க அக்கா. உங்களைக் குத்தம் சொல்லல. எட்டரைக்கே ஃபோனைக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்துடறா. வேலைக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. அவன் ஷூவை எடுத்து பாலிஷ் போடறா. சின்னவ பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுல படுத்துக்கறா. அவனைத்தான் காப்பாத்த முடியல. இவளையாவது எனக்கு விட்டுக் குடுங்க."

இவர் "சரி தம்பி" என்றார்.

மாலை சிஸ்டர் பக்கத்தில் வந்து நிற்க, பெயரை எடுத்தார். எடுக்கும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும். நீக்கத்துக்கான காரணம் என்ன? கீழே ஐந்து விடைகள். வேறு பள்ளி. வேறு ஊர். படிப்பு முடிந்தது. ஒழுங்கு நடவடிக்கை. பிற. மேலும் கீழும் இரண்டு முறை தேடினார். பிள்ளைகள் சாகக்கூடும் என்று அந்தப் பட்டியலைத் தயாரித்தவனுக்குத் தோன்றவில்லை, நல்ல மனுஷன்தான். கடைசியில் 'பிற' என்பதை அழுத்தினார். சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "போதும்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் போகவில்லை. அன்று மடல் வேலை பாக்கி இருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்து பாக்கி எதுவும் இல்லை.

மறுநாள் என் மகள் மறந்துவிட்டுப் போன ஜியாமெட்ரி பாக்ஸைக் கொடுக்க நான் காலையிலேயே பள்ளிக்குப் போனேன். ஒன்பது பத்துக்குப் பொத்தானை அழுத்தினார். எழுத்துகள் திரையில் ஓடி நின்றன. தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. ஒன்பதே கால், ஒன்பதரை. பரவாயில்லை, மெக்கானிக் எப்படியோ சமாளித்துவிட்டார் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு அந்த அம்மாவே வந்தாள்.

குளித்து, தலை வாரி, கடைக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முடிக்கும் வரை பொறுமையாக நின்றாள். பிறகு நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மெசேஜ் வரலக்கா. உங்க மெஷினு மறுபடி கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். அதான் லீவு லெட்டரே எழுதிக் கொண்டாந்துட்டேன்."

பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி மார்ஜின் விட்டு எழுதியிருந்தாள். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. மதிப்பிற்குரிய ஐயா, என் மகனை எழுப்ப முடியவில்லை. ஆகவே இன்று முதல் என்று இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் வெற்றிடம். பிறகு, வரை விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"எந்தத் தேதி வரைக்கும்னு தெரியலக்கா" என்றாள். "நீங்க பார்த்துப் போட்டுக்கோங்க."

தேதி போடாத விடுப்புக் கடிதத்தை வாங்கக் கூடாது என்று கவுண்டர் கண்ணாடியில் அறிவிப்பே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் இவர்தான். உள்ளே சிஸ்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடிதத்தை மேசையில் பரப்பி, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். இழுப்பறையைத் திறந்து 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். கடிதத்தின் மேல் அதை இங்கும் அங்குமாக வைத்துப் பார்த்து, அந்த வெற்றிடத்தின் மேல் படாதபடி ஓரமாகத் தள்ளி அழுத்தினார்.