புது எஞ்சினை அப்பா மிதித்த நாள்

நம் புது டீசல் காரை நான் மெதுவாக ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நேற்று எஞ்சின் சூடேறியபோது வந்த புதுப் பெயிண்ட் வாசனை, அறுபதுகளின் செம்பூருக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, தன் பழைய டாக்சிக்குப் புது டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார். எஞ்சின் பழகும்வரை இருபது மைல் வேகத்தைத் தாண்டினால் கெட்டுவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பஸ்ஸெல்லாம் எங்களை முந்திப் போகும். "பாய், நான் இறங்கித் தள்ளட்டா?" என்று சவாரிக்காரர்கள் இந்தியில் கேலி செய்வார்கள்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்பா வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே ஓட்டினார். பின்சீட்டில் அம்மா என் கையை நெரித்தாள்.

"புது எஞ்சின்லா, கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உங்க எஞ்சின் பொறுக்கும். வயித்துல இருக்கது பொறுக்காது. மிதிங்க."

அப்பா மிதித்தார். வண்டி புகை கக்கிக்கொண்டு பறந்தது. ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் உங்கள் செல்வி அத்தை பிறந்துவிட்டாள்.

நாங்கள் பார்க்க உள்ளே போனதும் அம்மா, "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள்.

"அதை யாரு பாத்தா?" என்று சொல்லிவிட்டு அப்பா அழுதார்.

மறுநாள் எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பியது. பிறகு பல வருஷம் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.