முதல் தம்ளர் தண்ணீர்

முதலாளிகளுக்கு நல்ல சினிமாவைக் காட்டக் கூடாது. பார்த்துவிட்டு அவர்கள் திருந்தக் கிளம்பினால் நம் பாடுதான் திண்டாட்டம்.

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் வீட்டில் ஒரு வாய். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் செம்பைத் தூக்குவோம். பின்பக்கக் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. ஆடிக் காற்றில் பெயர்ந்து விழுந்த கதவை, ஈரம் ஏறாமலிருக்கக் குச்சி மூட்டைகளுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். கக்கூஸுக்கு நேர் எதிரேதான் லோடு லாரிகள் நிற்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து அடைக்கிறவள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்து வந்திருந்தாள். இனியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். ஏழை ஊர்களுக்கு மலிவாக நல்ல தண்ணீர் கொடுத்து, அதையே தொழிலாக்கி உயர்ந்த ஒருவரின் கதை. படத்தைக் குறை சொல்ல மாட்டேன். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல பிசினஸ் பாடம் என்ன? மக்களோட தேவையை மக்கள்கிட்டயே கேக்கணும்!" என்று முழங்கினார் பயிற்சியாளர்.

கேட்கச் சொல்லிவிட்டாரே என்று என் பக்கத்துக்காரி எழுந்தாள். "அண்ணாச்சி, கக்கூஸுக்கு ஒரு கதவு போட்டுத் தாங்க."

"சினிமாவப் பத்திப் பேசச் சொன்னா கக்கூஸப் பத்திப் பேசுதா பாரு!" என்றார் முதலாளி. பயிற்சியாளர்தான் முதலில் சிரித்தார். கூடவே எங்களில் சிலரும் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் முதலாளியின் பெரிய படம் ஒட்டிய தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வந்து இறங்கியது. மாலை, பத்தி, போட்டோக்காரர் எல்லாம் தயார். கதவு கேட்டவளையே கூப்பிட்டு முதல் தம்ளரைக் கையில் கொடுத்தார். அவள் உதட்டில் மட்டும் வைத்து எடுத்தாள்.

"நடிக்காதீங்கக்கா, நெசமாவே குடிங்க" என்றார் போட்டோக்காரர். குடித்தாள். வெளிச்சம் சரியில்லை என்றார், மறுபடி குடித்தாள். முதலாளி கண்ணை மூடிவிட்டாராம். அதற்கும் அவள்தான் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. பின்வாசல் வரைக்கும் போனாள். லாரிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். திரும்பியவள், யாரையும் பார்க்காமல் முதலாளி அறைக்குள் நுழைந்து, அவருடைய டைல்ஸ் போட்ட கக்கூஸுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

கழுத்து மாலையோடு முதலாளி ஓடி வந்தார். மூடிய கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, வெளிய வந்ததும் பினாயில் ஊத்தி நல்லாக் கழுவிட்டுப் போகச் சொல்லு."

உள்ளே அவள் அவசரப்படவே இல்லை.