பெயருக்குள் ஒரு சாய்கோடு

செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் புது நுழைவு முறை தொடங்கிய காலை, லாபிஸிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். பழைய ஆட்கள் அட்டையைக் கருவியில் வைத்து நுழைந்தார்கள். புது ஆட்களைப் பெயரால்தான் தேட வேண்டும். காவலர் அவள் பெயரைக் கணினியில் தட்டினார். 'பதிவு இல்லை' என்று வந்தது. மறுபடி தட்டினார், அதே பதில். பயிற்சி தொடங்குவதற்குள் உள்ளே வராதவர்களை, ஆள் அனுப்பும் ஏஜெண்டின் வேன் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

அந்த முறையை எழுதியது நானும் என் குழுத்தலைவரும். சின்ன சர்வர், அதற்கேற்ற இலகுவான மென்பொருள் கட்டமைப்பு. காவலர் தட்டும் பெயர் ஓர் இணைய முகவரியாகி எங்களிடம் வரும். முதலில் மிடில்வேர், சோதனைச் சாவடி மாதிரி, கேட்பது யார் என்று பார்க்கும். பிறகு ரூட்டிங், முகவரியைச் சாய்கோட்டுக்குச் சாய்கோடு பிரித்து, போக வேண்டிய கதவைக் காட்டும். பெரிய கட்டமைப்புகள் கல்யாண வீட்டு மாமன்மார் போல. கேட்காமலே பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். இது சொன்னதை மட்டும் செய்யும் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது. இந்த நாட்டில் நம் பெண்கள் பலரின் ஐசி என்னும் அடையாள அட்டையில் இருப்பதுபோல அவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' இருந்தது. மலாயில் இன்னாரின் மகள் என்று பொருள். ரூட்டிங் அந்தச் சாய்கோட்டை வழிப்பிரிவு என்று நினைத்து, பெயரை இரண்டாக நறுக்கி, இல்லாத கதவுக்கு அனுப்பிவிட்டது.

தலைவர் தமிழ் முஸ்லிம். அவர் பெயரில் இருப்பது இன்னாரின் மகன் என்று பொருள்படும் 'பின்', சாய்கோடு கிடையாது. சோதனையெல்லாம் அவர் பெயரை வைத்தே நடந்தது.

"மிடில்வேர்லயே அந்த ஏ/பிய வெட்டி எறிஞ்சிடுங்கமா. அஞ்சு நிமிஷ வேலை லா," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் கேட் பாஸ்ல உள்ள பேரும் ஐசில உள்ள பேரும் ஒத்துப்போகாதுண்ணே. அது கெடக்கட்டும். உங்க 'பின்'ன வெட்டச் சொன்னா வெட்டுவீங்களா?"

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அலமாக். சரி, நீங்களே பாருங்க. ஆனா வேன் நிக்காது," என்றார்.

வெட்டுவதில்லை என்று உட்கார்ந்தேன். சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி, பொட்டலம் கட்டி அனுப்பினேன். வழியில் இருந்த இன்னொரு சர்வர் அதிகப்பிரசங்கித்தனமாகப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது. மறுபடியும் 'பதிவு இல்லை'. கீழே வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நான் விடுவதாக இல்லை. பெயரை வழியிலிருந்தே எடுத்து, முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வைத்தேன். அங்கே எத்தனை சாய்கோடு இருந்தாலும் ரூட்டிங் தொடாது. முதலிலேயே அங்கே வைத்திருக்க வேண்டிய பெயர்.

படியிறங்கி வாசலுக்கு ஓடினேன். அவள் ஒரு கையால் வேன் கதவைப் பிடித்திருந்தாள். "பாக், இன்னொரு தரம்," என்று வயதான காவலரிடம் மலாயில் கேட்டுக்கொண்டேன்.

அவர் சலிப்போடு தட்டினார். பிறகு திரையைப் பார்த்து அவள் பெயரை வாசித்தார். "அனாக் பெரெம்புவான்," என்று அந்த இரண்டு எழுத்தையும் விரித்துச் சொல்லிவிட்டு, அப்பா பெயரையும் தட்டுத்தடுமாறி முழுதாகச் சொல்லி முடித்தார்.

"யா, சாயா. நான்தான்," என்று அவள் வேன் கதவை விட்டாள்.