வாடிய சோளம்

எங்கள் ஊர்ப்பக்கம் ரயில் எட்டிப்பார்க்காத காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. எனக்கு ஏழு வயது. அறிவுக்குக் குறைச்சலில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. அம்மாவுக்குப் பால் வற்றிப்போய், கைக்குழந்தையான தம்பி எங்கள் செவலைப் பசுவின் பாலில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

செண்பகத்தோப்புப் பாதையில் சித்தப்பா பசுவை மேய்க்கப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். கொழுக்கட்டைப்புல் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்து கிடந்தது. அருகம்புல் மண்ணுக்குள் பதுங்கிவிட்டது. அதன் வெள்ளைக் கிழங்குவேரைத் தோண்டித்தான் சித்தப்பா பசுவுக்குக் கொடுத்தார். பச்சையாக நின்றது எங்கள் சோளம் மட்டுமே. அதுவும் முழங்கால் உயரத்தோடு நின்றுபோய், இலை சுருண்டிருந்தது. அதன் பக்கத்தில் வந்ததும் பசுவின் மூஞ்சியில் நார் வாய்க்கூட்டை மாட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"வாடின சோளம் ஆவாதுட்டி" என்றார். கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று எனக்குக் கோபம் வந்தது.

குடிக்க ஊற்றுத் தோண்ட அவர் ஓடைக்குள் இறங்கியதும் வாய்க்கூட்டை அவிழ்த்துவிட்டேன். பசு ஆவலாக வாய் வாயாகத் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சற்று நேரத்தில் அதற்கு மூச்சு இரைத்தது. கால் மடங்கி விழுந்து, உதறி, அடங்கிவிட்டது. காலையில் பால் கறந்த மாடு. சித்தப்பா என்று கத்தினேன். ஓடிவந்த சித்தப்பா பசுவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வாய்க்கூட்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

சேதி போய் அப்பா வந்தார். "வாய்க்கூட்ட யாருலே அவுத்தது?"

"நாந்தாண்ணே. பாவமா இருந்துச்சு" என்றார் சித்தப்பா.

நான் சொல்லாத காரணம் அவர் வாயிலிருந்து வந்தது.

"புள்ள பாலுக்கு எங்கலே போவும்? எம் மொகத்துல முழிக்காத" என்றார் அப்பா.

சித்தப்பா ராஜபாளையத்துக்குப் பருத்தி வண்டி ஓட்டப் போய்விட்டார். அதன்பின் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சில்லை. தம்பி கஞ்சித் தண்ணீரில் நோஞ்சானாகப் பிழைத்துக்கிடந்தான்.

பிறகு மழை பெய்தது. சோளம் என் தலைக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளியது. ஒருநாள் அப்பாவே அதை அறுத்து உழவு மாட்டுக்குப் போட்டார். வேண்டாம் என்று அலறிக்கொண்டு ஓடினேன். மாடு சாவதானமாக அசைபோட்டது.

"மழ பேஞ்சு வளந்துட்டுல்லா. இனி ஒண்ணும் செய்யாது" என்றார் அப்பா.

தாகத்தில் விஷமாகித் தண்ணீர் கண்டு வளர்ந்ததும் தீனியாவது சோளம் பிழைக்கும் வழி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. சித்தப்பா மேல் அப்பாவுக்கிருந்த கோபமும் அப்படி ஒரு மழையில் இறங்கிவிடும் என்று நினைத்து, அவிழ்த்தது நான்தான் என்று சொல்லாமல் காத்திருந்தேன்.