போடிமெட்டு: ஆறரை அங்குல ஓட்டை வழியே ஒரு மலை

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு மதுரையில் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கண் நீர் அழுத்த நோய். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். "இருக்குறதக் காப்பாத்தத்தான் ஆபரேஷன், அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அதற்கு முன் எங்கேயாவது போகணுமா என்று இவரைக் கேட்டேன். பழனி என்பார், பேத்தி வீடு என்பார் என்று நினைத்தேன். "போடி மலையப் பாக்கணும்" என்றார்.

மனுஷர் முப்பது வருஷம் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். திண்டுக்கல், தேனிப் பக்கம் இவர் குடையாத பாறை இல்லை. போடியிலேயே மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார், மலை மட்டும் ஏறியதில்லை. "இத்தன வருசம் கீழயே நின்னுட்டு, கண் கெட்ட பிறகு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சூரிய நமஸ்காரந்தான், சொல்லி முடி புள்ள" என்று அவரே சிரித்தார். என் வாயில் வசம்பை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸில் போடிக்கு வந்து ஒரு இரவு தங்கினோம். அறை வாடகை 800 ரூபாய். வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று நான்தான் கெட்டிக்காரத்தனமாகக் காலை ஆறு மணி ஜீப்பைப் பிடித்தேன். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு. போடிமெட்டு வரை 26 கிலோமீட்டருக்கு ஆளுக்கு 150 ரூபாய். ஓட்டுநர் பெயர் பாண்டி. உள்ளே தூக்குவாளிகளோடு ஏழு பெண்கள். என்னை ஒட்டி உட்கார்ந்த செல்லத்தாய், போகும் காரணத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"ஐப்பசியில விடியக்காலம் மலை எங்கக்கா தெரியும்? மேகம் எறங்கி உக்காந்துக்கிரும். ஒம்பது மணிக்கு மேல வந்திருக்கணும்ல!"

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே அவர் சொன்னது பலித்தது. எல்லாம் ஒரே வெள்ளை. சாலை ஓரத் தடுப்புச் சுவர்கூடத் தெரியவில்லை. இவர் சன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நாளைக்கு மருத்துவமனையில் சேரணும், இன்னொரு நாள் கிடையாது. பாவி, நானே கெடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, எதிரே ஒரு லோடு லாரி இறங்க, பாண்டி ஜீப்பை ஓரம் கட்டினார். சாலைக்காக வெட்டிய பாறை பக்கத்திலேயே ஈரமாக நின்றது. இவர் இறங்கிப்போய் இரண்டு கையையும் அதில் பதித்தார். கூழாங்கல் ஒன்றை எடுத்துப் பாறையில் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இவந்தான்! தொளை போடுற பிட்டு எத்தனையத் தின்னிருக்கான் தெரியுமா? எங்களுக்கு வெறும் நீலப் புழுதியாத்தான் மேல வருவான்."

பூமியின் அடி ஆழத்தில் வெந்து இறுகி, கோடிக்கணக்கான வருஷத்தில் மேலே வந்த கல் இது. படித்தவர்கள் சார்னோக்கைட் என்கிறார்கள். நீலம் ஓடிய கருமை, அங்கங்கே சிவப்புப் பொட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பக்கத்து முதுகெலும்பே இதுதான்.

லாரி போய்விட்டது. "அண்ணே, ஏறுங்க. எட்டு மணிக்கு இவுக தோட்டத்துல நிக்கணும்" என்றார் பாண்டி. அப்போதுதான் மேகம் கிழிந்தது. எதிரே பாதாளத்தில் இருந்து வானம் வரை ஒரே பாறைச் சுவர், அதன் இடுக்கெல்லாம் சோலைக்காடு, நூலாக ஒரு அருவி, கீழே போடியின் தென்னந்தோப்புகள். ஐயோ, என்ன அழகு!

இவர் பாறையின் அடியில் தொடங்கி, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் துண்டு துண்டாகப் பார்த்தார். எனக்குப் பதறியது. "வெரசாப் பாருங்க, மேகம் மூடிரும்!"

"அட விடு புள்ள. முப்பது வருசமா இவன ஆறரை அங்குல ஓட்டை வழியாத்தான் பாத்தேன். இப்பக் கண்ணே ஓட்டையாயிருச்சு, அம்புட்டுத்தான். பழகுன சோலிதான, மெதுவாப் பாத்துக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாண்டி ஹாரனில் கை வைத்தார்.

"ஏப்பா, சும்மா இரு" என்றார் செல்லத்தாய். "கங்காணி ஏசுனா நாங்க வாங்கிக்கிறோம். அண்ணே முழுசாப் பாக்கட்டும்." ஏழு பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பாண்டி என்ஜினை அணைத்தார். பதினோரு நிமிடம். பார்வை மலை உச்சிக்கு வந்ததும் இவர் கும்பிட்டார், மலையையா அந்தப் பெண்களையா என்று கேட்கவில்லை. நான் இரண்டு பக்கமும் கும்பிட்டேன்.

ஆபரேஷன் முடிந்தது. மிச்சப் பார்வை அப்படியே நிற்கிறது. அதற்குமேல் கேட்பது பேராசை.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். வயிறு புரட்டுபவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள், வளைவுகள் பதினேழு. கல்லோ செடியோ பெயர்த்து வராதீர்கள். இவரே அந்தக் கூழாங்கல்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். முக்கியமாக ஒன்று, பக்கத்தில் நிற்பவரை வெரசாப் பார்க்கச் சொல்லாதீர்கள்.