நெவில் போட்ட உஷ்

ஷெஃபீல்டில் ஸ்னூக்கர் பார்க்கிறவர்களுக்கு நெவில் ஹாக்ஸ்வர்த்தைத் தெரியாமல் இருக்காது. ஆட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கோலைப் பிடித்தால் மேஜைமேல் இருக்கும் பந்துகளைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அவர் பெயர் வாங்கியது வேறு விஷயத்தில். ஆட்டக்காரன் குனிந்து கோலைப் பின்னுக்கு இழுக்கும்போது எவனாவது இருமினால், மிட்டாய்த் தாளைப் பிரித்தால், பக்கத்தில் இருப்பவள் காதில் எதையாவது ஓதினால், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு 'உஷ்' வரும். சின்னது, ஆனால் ஊசி மாதிரி இறங்கும். இருமியவன் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். நடுவர்களே அவரைப் பார்த்து நன்றியாகத் தலையசைத்தது உண்டு. 'உஷ் நெவில்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குப் பெருமை.

வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் ஓட்டினார். மனைவி பாட், "வாயத் தொறந்தா உனக்கு உஷ் மட்டுந்தான்யா வருது" என்று சொல்லிவிட்டு ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. மகள் ஆஸ்திரேலியாவில். கிறிஸ்துமஸுக்கு ஃபோன் வரும். மிச்சம் இருந்ததெல்லாம் டார்னல் கிளப்பில் செவ்வாய்தோறும் கூடும் ரசிகர் சங்கம்தான். நெவில் அதற்குச் செயலாளர். நாற்காலி போடுவது, டிக்கெட் எடுப்பது, தின்பதற்குப் பன்றிக்கறி 'பை' பலகாரம் சொல்லி வைப்பது எல்லாம் அவர் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் அவரோடு வாய்விட்டுப் பேச இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது.

அந்த வருஷம் சங்கத்தில் ஒரே பேச்சு தலைவரைப் பற்றித்தான். டொமினிக் ஃபேன்ஷா என்று ஒருவர் ஸ்னூக்கர் வாரியத்துக்குப் புதிதாகத் தலைவராக வந்திருந்தார். குதிரைப் பந்தயத்திலும் குத்துச்சண்டையிலும் காசு பார்த்தவர். வந்த வேகத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் போவதாக அறிவித்தார். உலகப் போட்டியை ஷெஃபீல்டை விட்டே கிளப்பிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் ஏதோ ஒரு பளிங்கு மண்டபத்தில் வைக்கப் போகிறார் என்றும் பேச்சு.

"வித்துட்டான்யா. கடைய, சாவிய, கல்லாவ, எல்லாத்தையும் வித்துட்டான்" என்பான் மிக் ஸ்டானிஃபோர்த். சாரம் கட்டும் வேலை பார்த்து முதுகு போனவன். சங்கத்தில் அவன் குரல்தான் எடுப்பாகக் கேட்கும். "ஒரு பந்த ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன் நமக்குத் தலைவனாம்!"

கிளப் பாரில் பியர் ஊற்றிக்கொண்டே குளோரியா விடமாட்டாள். "ஏன் கண்ணு, அந்தாளு வர்றதுக்கு முன்னாடி மட்டும் இங்க என்ன தேனா ஓடுச்சு? அப்பவும் பாதிப் பேரு டாக்ஸி ஓட்டிக்கிட்டுதான ஆடுனானுங்க?"

"நீ போய் அவனுக்கே ஓட்டுப் போடு."

"நமக்கு எங்கய்யா ஓட்டு? கத்துறதுக்கு மட்டுந்தான் உரிமை. கத்து, நல்லா கத்து."

அது உண்மைதான். சீட்டுக்குக் காசு கொடுப்பவர்களை எந்தத் தலைவரும் எதுவும் கேட்டதில்லை. அந்த எரிச்சல் எல்லோருக்கும் இருந்தது. நெவில் அதிகம் பேசமாட்டார். அவருடைய கோபம் எளிமையானது. ஃபேன்ஷா ஆட்டத்தின் நடுவே எழுந்து நடக்கிறவர். ஒரு ஃபிரேம், ஒரே ஒரு சுற்று ஆட்டம், முடியும்வரை ஆடாமல் அசையாமல் உட்காரத் தெரியாதவன் கையில் இந்த விளையாட்டை எப்படிக் கொடுக்கலாம்? அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சங்கத்தின் செல்லப்பிள்ளை ஆஷ்லி கிரீவ்ஸ். உள்ளூர்க்காரன், முப்பத்தாறு வயது, இரண்டு பெண்குழந்தைகள். பகலில் வேன் ஓட்டிப் பார்சல் போடுவான். பெரிய கோப்பை எதையும் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. ஆனாலும் பதினைந்து வருஷமாகத் தொழில்முறைப் பட்டியலின் கடைசிப் படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஃபேன்ஷா வெட்டப் போவது அந்தப் படியைத்தான். அதனால் ஆஷ்லி ஆடினால் நெவிலும் மிக்கும் மற்றவர்களும் எங்கே இருந்தாலும் போய் உட்காருவார்கள்.

ஏப்ரலில் உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று. ஜெயித்தால் பட்டியலில் நீடிக்கலாம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆட்டம் கடைசி ஃபிரேம்வரை இழுத்தது. கடைசியில் மேஜைமேல் பிங்க் பந்தும் கறுப்பும் மட்டும் நின்றன. பிங்க்கைப் போட்டுவிட்டால் போதும். நடுப் பாக்கெட் குழிக்கு நேர் எதிரே, கேட்டு வாங்கியது போல் கிடந்தது. ஆஷ்லி குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வரிசையில் ஃபேன்ஷா வந்து உட்கார்ந்திருந்தார், கோட்டு சூட்டு போட்ட இரண்டு வெளிநாட்டு விருந்தாளிகளோடு. கையில் ஃபோன். அதன் வெளிச்சம் அவர் முகவாயில் நீலமாக அடித்தது. கட்டைவிரலால் எதையோ தட்டிவிட்டு, விருந்தாளியைப் பார்த்து வாயை மூடிச் சிரித்தார்.

நெவிலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷப் பழக்கம் யோசிக்க விடவில்லை.

"உஷ்!"

அதே நொடியில் ஆஷ்லியின் கோல் முன்னுக்கு வந்தது. பிங்க், பாக்கெட்டின் இரண்டு ஓரத்திலும் மாறிமாறி இடித்துவிட்டு வெளியே வந்து நின்றது. எதிராளி எழுந்து வந்து அதைப் போட்டான், பின்னாலேயே கறுப்பையும் போட்டான். கை குலுக்கினார்கள். ஆஷ்லி கோலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்த விதத்தைப் பார்க்க நெவிலால் முடியவில்லை. ஃபோன் சத்தம் போடவில்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த அரங்கில் அந்த நொடியில் கேட்டது ஒரே ஒரு சத்தம்தான்.

வெளியே படிக்கட்டில் மிக் குதித்துக்கொண்டிருந்தான். "பாத்தியா? பாத்தியா அந்தப் பாவிய? ஃபோன் அடிச்சு ஒரு மனுஷன் பொழப்பையே கெடுத்துட்டான்!"

"அடிச்சுதா மிக்? நீ கேட்டியா?"

"என்னய்யா கேக்குற? நீயே உஷ் போட்டியே! சும்மாவா போட்ட? நெவில் காரணமில்லாம உஷ் போடமாட்டான்னு ஊருக்கே தெரியும்!"

நெவில் வாயைத் திறந்தார். மிக்கின் பின்னால் பத்துப் பேர் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டார்.

ராத்திரிக்குள் செய்தி பரவிவிட்டது. மறுநாள் ஃபோன் மூன்று முறை அடித்தது என்றார்கள். அதற்கு மறுநாள் ஃபேன்ஷா அதை எடுத்துப் பேசினார் என்றார்கள். இணையத்தில் ஓடிய ஆட்டப் பதிவில் கேட்டது நெவிலின் உஷ் மட்டும்தான். அதையே எல்லோரும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, ஃபேன்ஷா பதவியை விட்டு இறங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். உள்ளூர் வானொலிக்காரி ஃபோன் செய்து, "ஐயா, நீங்கதான உஷ் போட்டது?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை கிளப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாட் போன பிறகு அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

வாரக் கடைசியில் டிராம் ஏறி ஆஷ்லி வீட்டுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஷ்லி வாசலில் வேனுக்குள் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க பெரியவரே. டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம்ப்பா. ஒண்ணு சொல்லணும். அந்த ஃபோன் அடிக்கல. நான்தான். என் உஷ்தான் உன்னக் கெடுத்துச்சு."

ஆஷ்லி பார்சலைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பதினஞ்சு வருஷமா கேக்குறேன் அந்தச் சத்தத்த. அது கேட்டா, சரி நெவில் வந்திருக்காருன்னு ஒரு தெம்பு. அன்னைக்கு மட்டும் கைய ஆட்டிருச்சு."

நெவில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். வானொலிலயும் சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க."

"என்னப்பா?"

"வாரியத்துலேர்ந்து ஃபோன் வந்துச்சு. நடந்ததுக்கு வருத்தமாம். பட்டியல்ல தலைவர் தன் இஷ்டத்துக்குக் குடுக்குற ரெண்டு சிறப்பு எடம் இருக்கே, அதுல ஒண்ணு எனக்குத் தர்றாராம், ரெண்டு வருஷத்துக்கு. இப்பப் போய் நீங்க அந்தாளு ஃபோன் அடிக்கவே இல்லன்னு சொன்னா, அது போயிரும்."

"ஆஷ்லி, யாருமே பாக்காத ஃபவுல நீயா நடுவர்கிட்டச் சொல்லி, பிரஸ்டன்ல ஆட்டத்தையே விட்டுக் குடுத்தவனாச்சே நீ. சட்டக் கை பந்துல பட்டுச்சுன்னு."

"ஆமா, சொன்னேன். எல்லாரும் கை தட்டுனீங்க. அந்த மாசம் வீட்டு வாடகைக்கு மாமனார் கால்ல விழுந்தேன். அதுக்கு யாரு கை தட்டுனா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "சொன்னா நீங்க நிம்மதியாத் தூங்கிருவீங்க நெவில். அவ்வளவுதான் நடக்கும். நீங்க தூங்கறதுக்கு நான் எதுக்கு இதக் குடுக்கணும்? எனக்குக் கடன்பட்டிருக்கீங்கன்னு நெனச்சா, வாய மூடிக்கிட்டு இருங்க. அது போதும்."

"சரிப்பா" என்றார் நெவில். வேறு என்ன சொல்வது? அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இனி அவன் ஆட்டம் ஒன்றையும் விடாமல் போய் உட்கார வேண்டும், ஒரு சத்தமும் போடக்கூடாது என்று டிராமில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. ஃபேன்ஷா சிரித்துக்கொண்டு ஆஷ்லியின் கையைக் குலுக்குகிறார். வருத்தம் தெரிவித்தாகிவிட்டது, தலைவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார், விவகாரம் முடிந்தது என்று கீழே எழுதியிருந்தது. உண்மையிலேயே முடிந்துவிட்டது. ஃபேன்ஷாவை இறக்கியே தீருவது என்று கிளம்பிய கூட்டத்துக்குக் கையில் பிடி இல்லாமல் போயிற்று. கோடையில் வாரியம் கூடி ஆட்டக்காரர் எண்ணிக்கையை வெட்டியது. எவனும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் கோபம் எங்காவது போய் விழத்தானே வேண்டும்? ஆஷ்லியின் தலையில் விழுந்தது.

"வெல போயிட்டான்யா" என்றான் மிக். படத்தை மேசைமேல் வைத்து விரலால் குத்தினான். "நாம அவனுக்காகத் தொண்ட கிழியக் கத்துனோம். அவன் என்னடான்னா எதிரி மடியில போய் உக்காந்துட்டான்."

"புள்ளகுட்டிக்காரன் மிக்" என்றாள் குளோரியா. "நீயா அவன் வீட்டுக்குச் சோறு போடப்போற?"

"வேண்டான்னு சொல்லியிருந்தா அவன் ஆம்பள. ஃபேன்ஷா போயிருப்பான். நூறு பேரு பொழப்பு தப்பிச்சிருக்கும். என்ன நெவில், சொல்லேன்யா. ஒங்கிட்டதான ஞாயம் இருக்கு, நீதான சாட்சி."

மேசையைச் சுற்றி அத்தனை முகங்களும் நெவில் பக்கம் திரும்பின. "என்னத்தச் சொல்ல" என்றார். அதை மிக் ஒப்புதலாக எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

செப்டம்பரில் பார்ன்ஸ்லியில் ஆஷ்லிக்கு முதல் ஆட்டம். மிக் திட்டம் போட்டான். எல்லோரும் டிக்கெட் வாங்கி வழக்கம்போல் முன்னால் உட்காருவது, ஆஷ்லி மேஜைக்கு வந்து கோல் நுனியில் சுண்ணக்கட்டி தேய்க்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் மொத்தமாக எழுந்து போய்விடுவது. டிக்கெட் வாங்கும் வேலை செயலாளருடையது. நெவில் வாங்கினார். நான் மட்டும் எழுந்திருக்க மாட்டேன், உட்கார்ந்தே இருப்பேன் என்று பார்ன்ஸ்லி போகும் ரயிலில் முடிவு செய்துகொண்டார். என்ன சொல்வார்கள்? ஃபேன்ஷாவின் ஆள் என்பார்கள். சொல்லட்டும். காரணம் கேட்பார்களே? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஆஷ்லி உள்ளே வந்தான். கையில்லாத புதுக் கோட்டு, முடியெல்லாம் வெட்டியிருந்தான். சங்கத்து ஆட்களை முன்வரிசைகளில் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவர்கள் வந்திருப்பது ஆட்டம் பார்க்க என்று நினைத்துவிட்டான் போல. நெவிலைத் தேடிக் கண்டுபிடித்து, லேசாகத் தலையாட்டினான்.

மிக் எழுந்தான். அவனுக்குப் பின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் படக்படக்கென்று மடங்கின. வரிசையில் நெவில் மட்டும் உட்கார்ந்திருந்தார். மிக் நடைவழியில் நின்று திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, வியப்பாகத்தான் பார்த்தான். "நெவில்?" என்றான். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் தன் வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பது நெவிலின் கண்முன் வந்தது.

எழுந்தார்.

கதவருகே போனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. ஆஷ்லி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து வெள்ளைப் பந்தை அதன் இடத்தில் வைத்தான்.

பக்கத்து பப்பில் மிக் எல்லோருக்கும் பியர் வாங்கினான். நெவிலின் தோளில் தட்டி, "ஒரு நிமிஷம் பயந்துட்டேன்யா, ஒக்காந்தே இருந்துருவியோன்னு" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு கால்பந்துக்குப் போனது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. இந்நேரம் ஆட்டம் முடிந்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஆஷ்லி ஜெயித்தானா தோற்றானா என்று தெரியாமல் நெவில் ஒரு பொழுதும் இருந்ததில்லை. எதிரே மேசைமேல் ஆறேழு ஃபோன்கள் கிடந்தன. ஸ்கோர் என்ன என்று ஒருவரிடம் கேட்டால் போதும். கேட்க அவருக்கு வாய் வரவில்லை.