மெக்சிகோவுக்கு என் சம்மதக் கடிதம்

மெக்சிகோ என்ற பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாடு எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் அங்கே போனதும் இல்லை. போனவள் என் மனைவி. ஒரு வருடம் அவளைப் போகவிடாமல் மறித்தவன் நான்.

அவளுக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. அதற்கு முன்பே பேசிப் பழகியிருந்ததால் தமிழ் பேசுவாள். ஆனால் தன் குரல் கூடுவதும் குறைவதும் தனக்கே தெரியாததால் வீட்டுக்குள் என்னிடம் மட்டும்தான் வாயைத் திறப்பாள். வெளியே யாரிடம் பேசுவதானாலும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, எழுதி நீட்டுவாள். அவர்களும் அதிலேயே பதில் எழுதித் தர வேண்டும். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே தமிழைப் புரிந்துகொள்வாள். கல்யாணமான மூன்றாம் நாள், "உங்க மீசை மறைக்குது, பாதி வார்த்தை தெரியல" என்றாள். எடுத்துவிட்டேன். மழுங்கச் சிரைத்த மூஞ்சியோடு துபாய்க்குத் திரும்பினால், ரூமில் இருந்தவர்கள் "அடப்பாவமே, வீட்ல யாரும் தவறிட்டாங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

அந்த ஒரு மீசையை வைத்துக்கொண்டு எட்டு வருடம் பெருமை பேசினேன். எந்தச் சண்டையானாலும் கடைசியில் "உனக்காக மீசையையே எடுத்தவன்டி நான்" என்பதில் கொண்டுவந்து நிறுத்துவேன். அவள் பள்ளியில் படித்த சைகை மொழியில் எனக்குச் சாப்பாடு, வா, சாவி, தூக்கம் என்று நாலே நாலு தெரியும். அதற்குமேல் கற்றுக்கொள்ளவில்லை. நான் பேசுவதுதான் அவளுக்குப் புரிகிறதே, பிறகென்ன என்று விட்டுவிட்டேன்.

அவளையும் துபாய்க்கு வரவழைத்த பிறகு, சத்வா பகுதியில் ஒரு பழைய வில்லாவில் ஒரு ரூம் எங்களுக்கு. சந்துக்குள் இருந்த ஒரு தையல் கடைக்கு அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பாள். எனக்கு ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனியில் கம்ப்ளெயின்ட் டெஸ்க்கில் டியூட்டி. ஜூலை, ஆகஸ்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலை தெரியும். ஏசி நின்றுபோன வீட்டிலிருந்து அத்தனை பாஷையிலும் திட்டு விழும். நாள் முழுக்கப் போனில் கத்திவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் போன் கிடையாது, டிவி சத்தம் கிடையாது. "குடுத்து வச்சவன்டா நீ" என்று சகாக்கள் கண்ணடிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரு மாலின் சாப்பாட்டுக் கடைப் பகுதியில் கூடுவார்கள். மலையாளி, பிலிப்பினோ, எகிப்துக்காரர், பாகிஸ்தானி என்று நாலைந்து மேஜைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கையால் பேசுவார்கள். வாரம் முழுக்க வாயே திறக்காத என் மனைவி அங்கே சிரித்து, வாதாடி, ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே பாய்ந்து, வேறு ஆளாக இருப்பாள். நான் ஓரமாக டீயும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பேன். அங்கே எனக்குத்தான் ஒன்றும் விளங்காது. எரிச்சலாக இருக்கும். "யல்லா, போலாம்" என்று நாலு மணிக்கே நச்சரிக்க ஆரம்பிப்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்கும் கேட்காது. காது கேளாதவர்களைக் குழுவாகச் சேர்த்து வெளிநாடு சுற்றிக்காட்டுகிறவர். மெக்சிகோவுக்குப் பன்னிரண்டு நாள் என்று ஒரு தாள் கொடுத்தார். பிரமிடு, பழைய நகரம், கடற்கரை. வழிகாட்டியும் காது கேளாதவர். முதலில் கையால் விளக்கிச் சொல்லிவிட்டு நிறுத்துவார், அதற்குப் பிறகுதான் எல்லோரும் திரும்பி அந்த இடத்தைப் பார்ப்பார்கள். சைகை மொழி தெரியாத யாருக்கும், கணவனோ மனைவியோ ஆனாலும், இடம் இல்லை என்று தாளின் அடியில் எழுதியிருந்தது.

"அப்ப எனக்கு?" என்றேன்.

"கத்துக்கிட்டா நீங்களும் வரலாம். ஆறு மாசம் இருக்கு. நான் சொல்லித் தரேன்."

"நான் எதுக்குடி கத்துக்கணும்? நான் இல்லாம நீ இந்தச் சந்தத் தாண்டுவியா? ஏர்போர்ட்ல எவனாவது ஏதாவது கேட்டா யார் பதில் சொல்றது?"

அவள் என் வாய் ஓயும்வரை பார்த்தாள். பிறகு, "ஃபுஜைரா போனோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

என் கம்பெனி பஸ் வைத்துக் கூட்டிப்போன டூர் அது. வழிகாட்டி முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கில் பேசிக்கொண்டே வந்தான். கோட்டை வாசலில் பத்து நிமிடம் பேசினான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று அவள் என் கையைச் சுரண்டினாள். "பழைய கோட்டை" என்றேன்.

"அவன் பத்து நிமிஷம் பேசினான். நீங்க ரெண்டு வார்த்த சொன்னீங்க. மீதி எங்க?" என்றாள். விட்டாளா? "ஓட்டலுக்குப் போனா சர்வர் உங்களப் பாத்து, அவங்களுக்கு என்னன்னு கேக்குறான். நீங்க என்னைக் கேக்காமலே சிக்கன் பிரியாணிங்கிறீங்க. எட்டு வருஷமா சிக்கன் பிரியாணி திங்கறேன். எனக்கு மீன் பிடிக்கும்."

சுருக்கென்று தைத்தது. உண்மையை மூஞ்சிக்கு நேரே சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்ன திமிர் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொந்தக் கைக்காசில் பேர் கொடுத்தாள். எங்கள் தெருவிலேயே டிராவல்ஸ் வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர்தான் விசா வேலையெல்லாம் பார்த்தார். ஆனால் ஒரு முடிச்சு என் கையில் இருந்தது. இங்கே அவள் இருப்பது என் விசாவில். அவளுக்கு நான் ஸ்பான்சர், அதாவது கஃபீல். கஃபீலின் சம்மதக் கடிதம் இருந்தால்தான் மெக்சிகோ விசாவுக்கு மனுப் போட முடியும் என்றார் அவர். என் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறதே, இதெல்லாம் ஒரு நியாயமா என்று ரூமில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசியவன் நான்.

டிராவல்ஸ்காரர் போன் என் ஆபீஸ் நம்பருக்குத்தான் வந்தது. அவளுக்கு ஏது போன்?

"தம்பி, தங்கச்சி பேப்பரெல்லாம் ரெடி. உங்க லெட்டர் ஒண்ணுதான் பாக்கி. சம்மதம்னு ரெண்டு வரி போதும்."

"வேணாம் பாய். கேன்சல் பண்ணிடுங்க. அவளுக்கு உடம்பு சரியில்ல."

"அல்லாவே! என்ன செய்யுது?"

"காய்ச்சல்" என்றேன். வேறு நோயே கிடைக்கவில்லை எனக்கு.

அன்று சாயங்காலம் டியூப் லைட்டுக்கு நேர் கீழே போய் நின்று, ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தவறிவிடாதபடி உதட்டைத் தெளிவாக அசைத்து, "விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். "காரணமெல்லாம் சொல்ல மாட்டானுங்க. கலாஸ், முடிஞ்சுது, விடு" என்றேன். அவள் அழவில்லை. பயணத்துக்கென்று தைத்து வைத்திருந்த இரண்டு சுடிதாரை எடுத்து மடித்துப் பெட்டியில் அடியில் வைத்தாள். குழு அவள் இல்லாமலே மெக்சிகோ போய் வந்தது. திரும்பி வந்த வெள்ளிக்கிழமை அவர்கள் போட்டோக்களைக் காட்டிக் கதை சொன்னபோது அவளும் உட்கார்ந்து பார்த்தாள். நான் டீ குடித்தேன்.

நான் மாட்டிக்கொண்டது அவளுடைய நோட்டால். தன் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க டிராவல்ஸுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். அந்த நல்ல மனிதர் நோட்டை வாங்கி, மணி மணியான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "காய்ச்சல் எல்லாம் விட்டதா தங்கச்சி? உங்க வீட்டுக்காரர் கேன்சல் பண்ணச் சொன்னதும் மனசு கேட்கலை." வாயால் சொன்ன பேச்சென்றால் நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று சாதித்திருப்பேன். அவளோடு கேட்பவர்கள் பேசிய பேச்செல்லாம் தேதியோடு அந்த நோட்டில் கிடக்கிறது. டியூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் சோற்றுக்குப் பதில் அந்த நோட்டு விரிந்து கிடந்தது.

படித்தேன்.  அடுத்த நிமிடமே கத்த ஆரம்பித்தேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன், கண்காணாத ஊரில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கப்பனுக்கு யார் பதில் சொல்வது என்று என்னென்னவோ. அவள் என் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் சுவருக்குத்தான் கேட்கும். தோளைப் பிடித்து உலுக்கினேன். திறக்கவில்லை. பக்கத்து ரூம் பட்டாணியன்தான் கதவைத் தட்டி, "க்யா ஹுவா பாய்?" என்று என்னவோ ஏதோவென விசாரித்துவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து நான் மீசையை வளர்க்க ஆரம்பித்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். நீ என்னடி கண்ணை மூடுவது, உனக்கு என் பேச்சே தெரியாமல் செய்கிறேன் பார் என்ற வீம்பு. மேல் உதட்டை மூடி, தொங்கத் தொங்க வளர்த்தேன். அவள் என்னிடமும் நோட்டிலேயே பேச ஆரம்பித்தாள். "அரிசி இல்லை." "வாடகை கேட்டு வந்தார்கள்." வெளி ஆட்களுக்கு எழுதும் அதே நோட்டு, அதே பேனா. நானும் அதில் பதில் எழுதினேன். ஒரே ரூமில், ஒரு கை தூரத்தில் படுத்துக்கொண்டு, பத்து மாதம் இப்படி.

அடுத்த வருடம் அந்தப் பெண்மணி மறுபடியும் மெக்சிகோவுக்கு ஆள் சேர்த்தார். டைப்பிங் சென்டரில் அடித்த சம்மதக் கடிதத்தை மேஜையில் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அது அப்படியே கிடந்தது. நாலாம் நாள் அதன்மேல் நோட்டு இருந்தது. "மெக்சிகோ போக உங்கள் லெட்டர் வேண்டும். ஊருக்கு ஒரேயடியாகப் போக அது தேவையில்லை."

இரண்டு தடவை படித்தேன்.  கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. கஷ்டகாலம், மறுபடி டைப்பிங் சென்டருக்கு நானே நடந்துபோய்ப் புதிதாக அடித்து வாங்கி வந்தேன்.

கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில், டிக்கெட் இல்லாதவர்களைக் காவலர் வெளியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே வரிசையில் அவர்கள், வெளியே நாங்கள், நடுவில் கனத்த கண்ணாடி. வழியனுப்ப வந்த மற்ற குடும்பங்கள் கண்ணாடியைத் தட்டி, "போய் போன் பண்ணு! போன் பண்ணு!" என்று கத்தின. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. வெளியே இருந்த காது கேளாதவர்கள் உள்ளே இருப்பவர்களோடு கண்ணாடி வழியாகவே ஊர்க்கதை பேசினார்கள், கேலி செய்தார்கள், ஒருத்தர் எதையோ மறந்துவிட்டதற்கு எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள்.

அவள் பெட்டியை வரிசையில் விட்டுவிட்டுக் கண்ணாடியருகே வந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். "பத்திரம்!" என்று நான் கத்தினேன். அவள் தன் மேல் உதட்டைத் தொட்டுக் காட்டி, தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு கையால் பேச ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த சாப்பாடு, சாவி எதுவும் அதில் இல்லை. நீளமாக, நிதானமாக, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினாள். நடுவில் ஒருமுறை கண் கலங்கியது, ஒருமுறை சிரித்தாள். கடைசியில் கையைக் கண்ணாடியில் ஒரு கணம் வைத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

என் பக்கத்தில் அச்சகத்தில் வேலை பார்க்கும் மலையாளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்காது. அவ்வளவையும் பார்த்தவர். கையிலிருந்த பேப்பர் ஓரத்தில், அவள் என்ன சொன்னாள் என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். உங்களிடம்தானே சொன்னாள், என்னிடம் சொல்லவில்லையே என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கார் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அந்த ஆளை அங்கேயே நாலு சாத்தலாம்போல் இருந்தது எனக்கு. அப்புறம் டாக்ஸியில், அவள் கை அசைந்த மாதிரியே என் கையை அசைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மீசையை எடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மலையாளி எதிரில் போய், சைகை சொல்லித் தரச் சொல்லி வெட்கம் கெட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கை மொக்கை. ஒழுங்காக வர நாலு வருடம் பிடித்தது. அவள் மெக்சிகோவிலிருந்து திரும்பி வந்து, என் உதட்டைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது என்ன என்று நானும் வாயால் கேட்கவில்லை. கையால் கேட்பது என்று வைத்திருந்தேன்.

அந்த நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் கேட்டேன். அன்றைக்கு ஏர்போர்ட்டில் என்னிடம் என்ன சொன்னாய்?

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நடிக்கவில்லை. பிறகு, மறந்துவிட்டது என்று கையாலேயே சொன்னாள். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.